புறா பறக்கும்போது படம் கலங்காமல் வந்த கதை

யாங்கோனில் அனவ்ரத்தா சாலை காளி கோயில் பக்கம் புறாக்களுக்குக் குறைவே இல்லை. ஆனாலும் மூன்று மாதம் நான் எடுத்ததெல்லாம் கலங்கிய சாம்பல் கீற்றுகள்தான். லென்ஸ் பழசு என்று நினைத்தேன். காரணம் அதுவல்ல, ஷட்டர் வேகம், அதாவது ஒளியை உள்ளே விடும் நேரம், 1/500 வினாடியில் நின்றிருந்தது. உடம்பு ஓரளவு தெளிவாக வரும், இறக்கை நுனி கரைந்துவிடும். 1/2000க்கு ஏற்றி, ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டேன். படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டினால் பரவாயில்லை, கலங்கலைத்தான் பிறகு சரிசெய்ய முடியாது. ஃபோகஸையும் பறவையைத் தொடர்ந்து பின்பற்றும் முறைக்கு மாற்றினேன்.

இதையெல்லாம்விடப் பெரிய உதவி காற்று. பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். காற்று என் முதுகில் படும்படி நின்றால் அவை என்னை நோக்கியே வருகின்றன.

அப்புறம் பழக்கம். குளிர்காலத்தில் பான்சோடான் படகுத்துறையிலிருந்து ஆற்றின் அக்கரையிலுள்ள டலா ஊருக்குப் போகும் படகில் ஏறினால், பழுப்புத்தலைக் கடற்காகங்கள் தீனிக்காகக் கூடவே பறந்து வரும். புறாவைவிட நிதானமான சிறகடிப்பு. கேமராவை அவற்றோடு சேர்த்து நகர்த்திப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வெளிறிய வானம் பின்னால் இருந்தால் மட்டும் ஒளியளவை ஒரு படி கூட்டிக்கொள்வேன், இல்லையென்றால் பறவை கறுத்துவிடும்.