ஒரு தீர்மானத்தின் தடம் பிடிப்பது எப்படி? சோஷலிஸ்ட் தொழிலாளர் அகிலம், 1923–1940

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஐரோப்பியத் தொழிலாளர் கட்சிகள் கூடி என்ன முடிவெடுத்தன என்று தேடப் போகிறவர்கள் முதலில் இடறுவது பெயரில்தான். 1923 மே 21 முதல் 25 வரை ஹாம்பர்க் மாநாட்டில் உருவான சோஷலிஸ்ட் தொழிலாளர் அகிலம், அதாவது பல நாட்டுத் தொழிலாளர் கட்சிகளின் கூட்டமைப்பு, ஒன்றே. ஆங்கிலத் தாள்களில் அது எல்.எஸ்.ஐ., ஜெர்மன் தாள்களில் எஸ்.ஏ.ஐ., பிரெஞ்சுத் தாள்களில் ஐ.ஓ.எஸ். மூன்று சுருக்கத்தையும் தனித்தனியாகத் தேடுங்கள். 'இரண்டாம்' என்ற சொல் கண்ணில் பட்டால் கொஞ்சம் நில்லுங்கள். 1889-இல் பிறந்த பழைய கூட்டமைப்பான இரண்டாம் அகிலம் வேறு, இந்த அமைப்பின் இரண்டாம் மாநாடு (மார்செய், 1925) வேறு. 1921 பிப்ரவரியில் வியன்னாவில் கூடி, 'இரண்டரை அகிலம்' என்று கேலிப்பெயர் வாங்கிய குழு இன்னொன்று. அந்தக் குழுவும் பழைய இரண்டாம் அகிலமும் ஹாம்பர்க்கில் இணைந்தன.

ஊர்ப் பெயரும் ஏமாற்றும். நேரு கலந்துகொண்ட பிரஸ்ஸல்ஸ் மாநாடு 1927 பிப்ரவரியில் நடந்தது. அது ஏகாதிபத்திய எதிர்ப்பு லீக்கின் மாநாடு. இந்த அகிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காலனிப் பிரச்சினை பற்றி அகிலம் தீர்மானம் போட்டது 1928 ஆகஸ்டில், அதே பிரஸ்ஸல்ஸில். ஆண்டைப் பார்க்காமல் ஊரை மட்டும் குறித்துக்கொண்டால் ஒருவர் பேச்சு இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.

தேதியில்லாத கடிதம் கையில் கிடைத்தால் அனுப்பிய முகவரியைப் பாருங்கள். செயலகம் முதலில் லண்டனில் இருந்தது, 1926-இல் சூரிச்சுக்குப் போனது, 1935-இல் பிரஸ்ஸல்ஸுக்கு மாறியது. அடுத்து கையெழுத்து. தொடக்கத்தில் டாம் ஷா, ஃப்ரீட்ரிக் அட்லர் என்று இரண்டு செயலாளர்கள். 1924 ஜனவரியில் பிரிட்டனில் மெக்டொனால்டு அமைச்சரவையில் ஷா தொழிலாளர் துறை அமைச்சரானார். அட்லர் என்று மட்டும் இருந்தால் முதல் பெயரையும் தேடிப் பிடியுங்கள்: ஃப்ரீட்ரிக்கின் தந்தை விக்டர் 1918-லேயே இறந்துவிட்டார், மாக்ஸ் அட்லர் என்ற கோட்பாட்டாளர் வேறு ஆள்.

பெயர்ப் பட்டியலில் ஒருவர் திடீரென மறைந்தால் சண்டை என்று எழுதிவிடாதீர்கள். அமைச்சராகிறவர் செயற்குழுவில் இருக்கக்கூடாது என்பது விதி. பிரிட்டனின் ஹெண்டர்சன் 1924-லும் 1929-லும் அகிலத்தின் தலைவர் பதவியை விட்டதும், 1935-இல் பெல்ஜியத்தின் வாண்டர்வெல்ட் அதே பதவியிலிருந்து விலகியதும் இதனால்தான்.

இனி முக்கிய வேலை. ஒரு தீர்மானத்துக்கு நான்கு தாள்களைச் சேகரியுங்கள்: கட்சி அனுப்பிய முன்மொழிவு, மாநாட்டுக் கமிஷனின் வரைவு, பொது அமர்வு நிறைவேற்றிய வாசகம், பிறகு அதே கட்சி சொந்த நாட்டில் என்ன செய்தது என்ற பதிவு. பலரும் மூன்றாவதோடு நின்றுவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நேர்கிறது. சர்வதேசப் பிரச்சினைகளில் அகிலத்தின் முடிவு எல்லா உறுப்புக் கட்சிகளையும் கட்டுப்படுத்தும் என்று விதிகள் சொன்னாலும், மீறிய கட்சியைப் பணியவைக்கும் அதிகாரம் செயலகத்திடம் இல்லை. நான்காவது தாள் இல்லாமல் 'அகிலம் இதைச் செய்தது' என்று எழுதினால் அது ஊகம்தான்.

ஓர் உதாரணம். 1934 அக்டோபரில் ஸ்பெயினின் அஸ்தூரியாஸில் சுரங்கத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அக்டோபர் 15 அன்று கம்யூனிஸ்டுகள் தரப்பில் பிரெஞ்சுத் தலைவர்கள் கஷேனும் தோரேவும் பிரஸ்ஸல்ஸில் வாண்டர்வெல்டையும் அட்லரையும் சந்தித்துக் கூட்டு நடவடிக்கை கேட்டார்கள். நவம்பரில் பாரிஸில் செயற்குழு கூடியது. சர்வதேச அளவில் கூட்டு இல்லை. ஆனால் கம்யூனிஸ்டுகளோடு தனித்துப் பேசக்கூடாது என்று கட்சிகளுக்கு இருந்த தடை நீங்கியது. முதல் பாதியை மட்டும் படித்தவர் 'நிராகரித்தது' என்பார், இரண்டாம் பாதியை மட்டும் படித்தவர் 'அனுமதித்தது' என்பார். பிரெஞ்சு சோஷலிஸ்டுகள் அதற்கு முன்பே, ஜூலை 27 அன்று, கம்யூனிஸ்டுகளோடு ஒப்பந்தம் செய்திருந்தார்கள். பிரிட்டிஷ், டச்சு, ஸ்காண்டிநேவியக் கட்சிகள் எதிர்ப்பக்கம் நின்றன. பிரெஞ்சுத் தரப்புக்கு அந்நாட்டு சோஷலிஸ்ட் கட்சியின் 'ல பொபுலேர்' நாளிதழைப் பாருங்கள். பிரிட்டிஷ் லேபர் கட்சியின் ஆண்டு மாநாடு அக்டோபர் வாக்கில் நடக்கும். ஆகவே நவம்பர் முடிவைப் பற்றி 1934 சவுத்போர்ட் அறிக்கையில் தேடிப் பயனில்லை, 1935 பிரைட்டன் அறிக்கையை எடுங்கள்.

'எந்த நாடு எப்படி வாக்களித்தது' என்று எழுதும்போதும் கவனம் தேவை. உறுப்பினர் கட்சிதான், நாடு அல்ல. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து செக் கட்சியும் ஜெர்மன் கட்சியும் தனித்தனியே இருந்தன. ரஷ்யாவின் பெயரில், போல்ஷெவிக்குகளை எதிர்த்து நாடுகடந்து வாழ்ந்த மென்ஷெவிக்குகளும் சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சியினரும் இருந்தார்கள். நார்வே தொழிலாளர் கட்சி 1938 வரை வெளியேதான் நின்றது.

மூலத் தாள்களுக்கு முதலில் போக வேண்டிய இடம் ஆம்ஸ்டர்டாமில் 1935-இல் தொடங்கப்பட்ட சர்வதேச சமூக வரலாற்று நிறுவனம். பிரிட்டிஷ் பக்கத்துக்கு மான்செஸ்டரில் உள்ள மக்கள் வரலாற்று அருங்காட்சியகம். செய்தித்தாள்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன: வியன்னாவின் சோஷலிஸ்ட் நாளிதழ் 'அர்பைட்டர் ட்சைட்டுங்' ஆஸ்திரிய தேசிய நூலகத்தின் அன்னோ தளத்தில், 'ல பொபுலேர்' பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகாவில். வியன்னா இதழின் பழைய ஜெர்மன் அச்செழுத்தில் நீண்ட 'எஸ்' பார்வைக்கு 'எஃப்' மாதிரியே இருக்கும். கணினியும் அப்படியே படித்துவிடும். சொல் தேடலில் ஒன்றும் வராவிட்டால் 'எஸ்' இருக்கும் இடத்தில் 'எஃப்' போட்டு மறுபடி தேடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் தேதியை வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதுதான் வழி. மாநாட்டு வாரத்துக்கு முன்னும் பின்னும் பத்து நாள் இதழ்கள் போதும்.

1940 மேயில் ஜெர்மன் படை பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் புகுந்தது. ஆம்ஸ்டர்டாம் நிறுவனத்தின் சேகரிப்பையும் நாஜிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். அதனால் ஒரு கோப்பில் பதில் கடிதம் இருந்து கேள்விக் கடிதம் இல்லையென்றால், அப்படியொரு கடிதம் எழுதப்படவே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அந்தக் கேள்விக் கடிதம், அதைப் பெற்றவரின் கட்சிக் காப்பகத்தில் இருக்கலாம். பெறுநரின் பெயர், ஊர், மாதம் மூன்றையும் குறித்துக்கொண்டு அங்கே கேளுங்கள்.