ஆடினால் ஆடட்டும்: ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற பஸ்ஸில் என் தம்பிக்கு எப்போதும் ஜன்னல் ஓர சீட்தான். உட்கார்ந்ததும் முன்னும் பின்னுமாக ஆட ஆரம்பிப்பான். ஆல்பேட்டை தாண்டி பஸ் வேகமெடுக்கும்போது அவன் ஆட்டமும் ஒரு தாளத்துக்கு வந்துவிடும். வயது 33. ஆட்டிசம் உண்டு. ஒரு நாள் பின்சீட்டுப் பெரியவர், "என்னப்பா, தம்பிக்கு உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவன் தோளில் கை வைத்து அழுத்தினேன். ஆட்டம் நின்றது. கிருமாம்பாக்கம் வருவதற்குள் தன் மணிக்கட்டைக் கடிக்கத் தொடங்கினான். பல் பதிந்த தடம் மறைய மூன்று நாள் ஆனது.

இங்கே எழுதுகிற தவறுகளில் முக்கால்வாசி எங்கள் வீட்டில் நடந்தவை. முதல் தவறு அந்த பஸ்ஸில் நான் செய்ததுதான்: பிடித்து நிறுத்துவது.

உடம்பை ஆட்டுவது, கையை உதறுவது, விரல்களைக் கண்முன் அசைத்துப் பார்ப்பது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது, துணியின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பது, இதற்கெல்லாம் பொதுப்பெயர் ஸ்டிம்மிங். பேனா மூடியைக் கடிக்கிறவர், போன் வந்தால் வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிறவர் என்று எல்லாரிடமும் இது கொஞ்சம் உண்டு. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இதன் தேவை பல மடங்கு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டில், இந்தத் தொடர் அசைவுகளும், ஒலி, ஒளி, தொடுகையை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதும் ஒரே பிரிவில்தான் வருகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை புரியும். மிக்ஸி சத்தம் நமக்கு மிக்ஸி சத்தம், அவ்வளவுதான். அவனுக்கு அது தலைக்குள் ஓடுகிறது. அந்த நேரத்தில் அவன் பிடித்துக்கொள்ளும் கம்பிதான் ஆட்டம். 2019இல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்டிசம் உள்ள 32 பெரியவர்களிடமே இதைக் கேட்டார்கள். மிஞ்சிப்போகும் உணர்ச்சியையும் சத்தத்தையும் சமாளிக்க உதவுகிறது, மனதை அமைதிப்படுத்துகிறது என்றார்கள். இதை ஒழிக்கும் சிகிச்சை வேண்டாம் என்பதும் அவர்கள் பேச்சில் இருந்தது.

ஆடினால் ஏன் அமைதி வருகிறது? உள்காதில் உடம்பின் அசைவை உணரும் உறுப்பு இருக்கிறது. மெதுவான, ஒரே சீரான ஆட்டம் அதன் வழியாக மூளைக்குப் போகிறது. ஆட்டிசம் இல்லாத 18 இளம் வயதினரை மெல்ல ஆடும் கட்டிலில் தூங்கவைத்து ஜெனீவாவில் சோதித்தார்கள். சீக்கிரம் தூங்கினார்கள், ஆழ்ந்தும் தூங்கினார்கள். அதுவும் 2019இல் வெளியானதுதான். புடவையில் தூளி கட்டிய நம் ஊர் அம்மாக்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

இதே விஷயத்தில் எங்கள் ஆயாவுக்கு வேறு கருத்து. உட்கார்ந்துகொண்டு காலாட்டினாலே குடும்பத்துக்கு ஆகாது என்பார். முழு உடம்பையும் ஆட்டினால்? மந்திரிக்க அழைத்துப் போனார். அங்கே அடித்த உடுக்கையில் தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இன்னும் வேகமாக ஆடினான். "பாத்தியா, உள்ள இருக்கறது ஆடுது" என்றார்கள். ஆடவைத்தது உடுக்கைச் சத்தம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அடுத்த தவறு, ஆடினாலே கஷ்டத்தில் இருக்கிறான் என்று முடிவு கட்டுவது. சில்வர் பீச்சில் அலை காலைத் தொட்டதும் தம்பி இரண்டு கையையும் உதறி, நுனிக்காலில் எம்புவான். அது சந்தோஷம். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கூட்டத்தில் உதறியது வேறு: முகம் இறுகி, மூச்சு வாங்கியது. கை உதறல் ஒன்றேதான், முகத்தைப் பார்க்க வேண்டும். ஆடுவதற்கு முன் பத்து நிமிஷத்தில் என்ன நடந்தது என்று ஒரு பழைய டைரியில் இரண்டு மாதம் குறித்துவைத்தேன். குக்கர் விசில், முன்னறிவிப்பில்லாமல் வந்த விருந்தாளி, கரண்ட் போய் ஃபேன் நின்றது. பாதியைச் சரிசெய்ய முடிந்தது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, அதுதான் ஆபத்து. "அவன் எப்பவும் அப்படித்தான்" என்று விட்டுவிடுவது. போன வருஷம் தம்பி வலது கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தான். ஸ்டிம்மிங் என்று நாங்களும் நினைத்தோம், காட்டிய டாக்டரும் ஆட்டிசம்தான் காரணம் என்றார். பன்னிரண்டு நாள் கழித்து கன்னம் வீங்கிய பிறகுதான் கடைவாய்ப்பல் சொத்தையாகிச் சீழ் வைத்திருந்தது தெரிந்தது. வலியைச் சொல்லத் தெரியாதவர் திடீரென்று தலையை முட்டினால், தன்னை அடித்துக்கொண்டால், முதலில் பல், காது, வயிறு, மலச்சிக்கல் பாருங்கள்.

வலிப்பையும் மறக்கக்கூடாது, ஆட்டிசம் உள்ளவர்களிடம் அது மற்றவர்களைவிட அதிகம். பேர் சொல்லிக் கூப்பிட்டாலோ தொட்டாலோ ஸ்டிம்மிங்கில் பொதுவாக ஒரு மாற்றம் தெரியும். கண் நிலைகுத்தி, எதற்கும் பதில் இல்லாமல் அசைவு மட்டும் தொடர்ந்தால் டாக்டரிடம் போக வேண்டும். முடிந்தால் போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள், சொல்லி விளக்குவதைவிட உதவும். அதை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

ஆடுவதை நிறுத்தவென்று ஒரு மாத்திரை கிடையாது. ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்துகள் கடும் எரிச்சலுக்கும் ஆக்ரோஷத்துக்கும் கொடுக்கப்படுகின்றன. அந்த வகை மருந்துகளே சிலருக்கு ஒரு இடத்தில் உட்கார முடியாத தவிப்பைத் தரலாம். புது மாத்திரை தொடங்கிய பிறகு புதிதாக ஆட்டம் வந்தால் எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அதேபோல, இதுவரை நடமாடியவர் பாதி அசைவில் உறைந்து நின்றால், பேச்சும் சாப்பாடும் குறைந்தால், அது கேட்டடோனியா என்ற உறைநிலையாக இருக்கலாம். மனநல மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனை தூரமில்லை.

சரி, காயம் வருகிற மாதிரி ஆடினால்? இடத்தை மாற்றுங்கள். எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு கால் முறிந்துபோயிற்று. அப்புறம்தான் கூடத்தில் கொக்கி அடித்துப் பலகை ஊஞ்சல் மாட்டினோம். இதில் அம்மா ஒரு தவறு செய்தார்: "சாப்பிட்டு முடிச்சாத்தான் ஊஞ்சல்." மூச்சு விடுவதைப் பரிசாகக் கொடுப்பது போல இருந்தது. ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்.

வெளியில் காட்டாமல் இருக்கப் பழகியவர்களும் நிறைய. புதுச்சேரியில் கணக்கு வேலை பார்க்கும் ஒரு பெண், தானும் ஆட்டிசம் உள்ளவர், ஆபீஸில் ஷூவுக்குள் கால்விரல்களை மடக்கி மடக்கி நீட்டுவதாகச் சொன்னார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் ஆடினால்தான் பேச்சே வருமாம். "இப்பல்லாம் நல்லாயிட்டியே" என்று அவரைப் பாராட்டுகிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் தெரியாது.

33 வயசு ஆளை "கண்ணா, கையக் கட்டு" என்று சொல்வது, அவன் தலைக்கு மேலே அவனைப் பற்றிப் பேசுவது, இதையெல்லாம் தனியாக விளக்க வேண்டியதில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அடையாள அட்டை பையில் இருக்கிறது, ஆனால் பஸ்ஸில் அதை எடுத்து நீட்டத் தோன்றுவதில்லை.

போன வாரமும் அதே பஸ்தான். பக்கத்து சீட் அம்மா, "ஏம்பா இப்படி ஆடுது?" என்றார். "ஆடினா அவனுக்கு நல்லா இருக்கும்மா" என்றேன். "அது சரி, முன்னால கம்பி இருக்கு, நெத்தியில இடிக்கப் போவுது" என்று தன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து கம்பியில் சுற்றிவிட்டார். இறங்கும்போது திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். இப்போது தம்பியின் பையில் அடையாள அட்டையோடு அதுவும் இருக்கிறது.