தோற்பாவை பழகுகிறவர்களே, இஸ்திரிப் பெட்டியைத் தள்ளி வையுங்கள்

விளக்குக்கும் திரைக்கும் நடுவே தோல் பாவைகளை ஆட்டிக் கதை சொல்லும் தோற்பாவைக்கூத்துப் பயிலரங்குக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்த்தால், நாங்கள் பழகிய காலத்துக் கோளாறுகள் எல்லாம் வரிசை மாறாமல் வந்து நிற்கின்றன. வசனம் மறப்பது, குரல் தடுமாறுவது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாவைக்கு இஸ்திரி போடுவது

நினைத்தாலே இன்னும் எரிச்சல் வருகிறது. நம் பாவைகள் ஆட்டுத்தோலில் செய்தவை. முடி நீக்கிச் சுரண்டி, இழுத்துக் கட்டி உலர்த்திய பச்சைத்தோல். செருப்புக்குப் போடுவதைப் போலப் பதனிட்டது அல்ல. அதனால்தான் விளக்கொளி ஊடுருவித் திரையில் வண்ணம் தெரிகிறது. ஐப்பசிக் காற்றின் ஈரத்தை அது குடித்துக்கொள்வதும் அதனால்தான்.

ஒரு மழைக்காலத்தில், ஆட்டம் முடிந்ததும் ஒரு மாணவர் இராவணனைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் பத்துத் தலையும் பொரித்த அப்பளம்போல வளைந்து கிடந்தன. அதுவரைக்கும் நஷ்டம் ஒன்றுமில்லை. நன்றாகப் பிழிந்த துணியால் சாயம் கலங்காமல் லேசாக ஒற்றி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கல்லை ஏற்றினால் மெல்லப் படிந்துவிடும். அவரோ தண்ணீர் தெளித்து, சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தியிருக்கிறார். நனைந்த பச்சைத்தோல் 60, 65 டிகிரி சூட்டிலேயே சுருங்கத் தொடங்கும். இஸ்திரிப் பெட்டி 100 டிகிரியைத் தாண்டும். ஒரு பக்கத் தலைகள் எல்லாம் இறுகிச் சிறுத்துவிட்டன. கிரீடத்தில் உளியால் போட்ட துளைகள் மூடிக்கொண்டன. சுருங்கிய தோல் திரும்ப விரியாது. இனி புதுத் தோல், புது வெட்டு, புதுச் சாயம். இதில், "இன்னும் கொஞ்சம் நனைத்தால் சரியாகிடுமா அண்ணே?" என்று கேள்வி வேறு.

சூடேறும் ஹாலஜன் விளக்கைப் பாவைக்கு நெருக்கமாக வைத்தாலும் தோல் வளையும். அங்கே கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

எல்லாப் பாவையையும் ஆட்டுவது

பேசுகிற பாவை மட்டும் அசையட்டும். எல்லாக் குரலும் ஒரே ஆளின் தொண்டையிலிருந்து வருகிற கூத்து இது. கோமாளிப் பாவைகளில் உளுவத்தலையன் பேசும்போது உச்சிக்குடும்பனும் கையை ஆட்டினால், பேசுவது யார் என்று எப்படித் தெரியும்?

திரைக்கு முன்னால் விளக்கு

தலைமை உரைக்காகப் போட்டிருப்பார்கள். முன்னால் வெளிச்சம் விழுந்தால் திரையில் பாவை மங்கிவிடும். அணைக்கச் சொல்லுங்கள்.

பள்ளியில் பழைய பாவையைக் கைமாற்றிக் காட்டுவது

வேண்டாம். பிள்ளைகளுக்குக் கெட்டி அட்டையில் வெட்டிக் கொடுங்கள். திரையை விட்டு விலகினால் நிழல் மங்கும் என்பதை அட்டையிலேயே கற்றுக்கொள்வார்கள். கிழிந்தாலும் யாரும் அழ மாட்டார்கள்.

நாய், எலி

பச்சைத்தோல் அவற்றுக்குத் தீனி. பெட்டியை மூடி உயரத்தில் வையுங்கள்.