ஊர்க்கடலுக்கு வரைபடம் போடுவது எப்படி?

காற்றாலை, துறைமுகம், பாசிப் பண்ணை என்று கடலுக்குள் எந்தத் திட்டம் வந்தாலும், வருகிறவர் கையில் ஒரு வரைபடம் இருக்கும். அதில் நம் கடல் வெறும் நீலம். 2024-இல் மன்னார் வளைகுடாவில் காற்றாலைக்காகக் கடற்பரப்பைக் குத்தகைக்கு விட டெண்டர் வந்தபோதும் பல ஊர்க்காரர்கள் "அது நாங்க வலை போடுற இடம்" என்று வாயால்தான் சொல்ல முடிந்தது. எந்த இடம், எந்த மாதம், எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) ஆழம் என்று திருப்பிக் கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும்.

நான் மண்டபம் பக்கம். அப்பா வல்லம் என்ற நாட்டுப்படகில் மீன்பிடிக்கப் போனவர், அம்மா கடற்பாசி எடுத்தவர். சில ஊர்களில் கூட உட்கார்ந்து இந்த வேலையைச் செய்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கோடு போடாதீர்கள். நாள்காட்டியை எடுங்கள். நம் கடலைப் பங்கு போட்டிருப்பது பெரும்பாலும் இடத்தால் அல்ல, காலத்தால். பாக் நீரிணையில் 1970-களின் மோதல்களுக்குப் பிறகு வந்த ஏற்பாட்டையே பாருங்கள்: திங்கள், புதன், சனி விசைப்படகு, மற்ற 4 நாள் நாட்டுப்படகு. இரண்டு தரப்புக்கும் ஒரே தண்ணீர். இதை வரைபடத்தில் கோடாகப் போட்டால் ஒருவர் பங்கு காணாமல் போகும். அதேபோல வாடைக்காற்று (வடகிழக்குக் காற்று) காலத்தில் வடகடலான பாக் நீரிணை கொந்தளிக்கும், தொழில் தென்கடலான மன்னார் வளைகுடாவுக்கு மாறும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது நேர் எதிர். அதனால் வாடைக்கு ஒரு தாள், கச்சானுக்கு ஒரு தாள் என்று தனித்தனியாக வரையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில் நாட்டுப்படகு எங்கெல்லாம் போகிறது என்பதற்கு மூன்றாவதாக ஒரு தாள் வேண்டும். அதிகாரி ஒரே வரைபடம்தான் கேட்பார். ஒன்றாகச் சேர்த்து ஒரே தாளாகக் கொடுக்காதீர்கள்.

தாளுக்குப் பழைய பிளெக்ஸ் பேனரின் பின்பக்கம் போதும். நனைந்தாலும் கிழியாது, பத்துப் பேர் சுற்றி உட்காரலாம். கரையை மட்டும் முன்கூட்டியே வரைந்துகொள்ளுங்கள்: கோயில், சர்ச், தர்கா, கலங்கரை விளக்கம், பாலம், தீவுகள். கடலுக்குள் இருப்பதை ஊர்க்காரர்களே வரையட்டும். நண்டு வலைக்காரர், வழிவலைக்காரர், கரைவலைக்காரர், மீன்பிடிக் கூடு வைப்பவர் எல்லோருக்கும் ஆளுக்கொரு நிறப் பேனா.

பெண்களைத் தனியாக உட்கார வையுங்கள். பொதுக்கூட்டத்தில் கேட்டால் "நாங்க கரையோரந்தானே" என்று முடித்துவிடுவார்கள். தனியாக உட்கார்ந்தால் மரிக்கொழுந்துப் பாசி எங்கே, கஞ்சிப்பாசி எங்கே, கட்டக்கோரைப் பாசி எந்த மாதம் என்று வந்து கொட்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்ட ஊர்கள் உண்டு. அந்தக் கட்டுப்பாட்டையும் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். கடலை ஏற்கெனவே நிர்வகிக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. ஒரு எச்சரிக்கை: மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே குறித்த ஒரு புள்ளி நாளைக்கு அவர்கள் மீதே வழக்காகத் திரும்பலாம். எது வெளியே போகும் தாளில் வரலாம், எது ஊரோடு இருக்க வேண்டும் என்பதைப் பாசி எடுக்கும் பெண்கள்தான் முடிவு செய்ய வேண்டும், சங்கத் தலைவர் அல்ல.

இதே காரணத்துக்காகத்தான் ஜிபிஎஸ் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஒருவர் தன் பார் (மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டு) இருக்கும் இடத்தைச் சொல்ல மாட்டார், கேட்கவும் கூடாது. பரந்த திட்டாக வரைந்தால் போதும், அதன் வெளி மூலைகளை மட்டும் படகில் போய்க் குறித்துவாருங்கள். அப்புறம், படகு ஜிபிஎஸ் பெரும்பாலும் பாகையும் நிமிடமுமாகக் காட்டும். கணினி தசமப் பாகையாகக் கேட்கும். 9 பாகை 16.5 நிமிடம் என்பது 9.275. அவசரத்தில் 9.165 என்று தட்டினால் உங்கள் வலை 12 கிலோமீட்டர் தெற்கே போய்விடும், எதிர்த்தரப்புக்கு அந்த ஒரு பிழை போதும். கணினியில் ஏற்ற க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, கல்லூரிப் பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள். கரையிலிருந்து 5 கடல் மைல் கோட்டையும் போட்டுவிடுங்கள். அது 9.26 கிலோமீட்டர், அதற்குள் விசைப்படகு மீன்பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. பாக் நீரிணையில் அந்தக் கோட்டுக்கும் இலங்கை எல்லைக் கோட்டுக்கும் நடுவே எவ்வளவு மிச்சம் என்று வரைந்து பார்த்தால், விசைப்படகுக்காரர் புலம்புவதிலும் நியாயம் இருப்பது தெரியும்.

நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தைக் கோடு கோடாகத் தீட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அன்றைக்கே தீர்க்கப் பார்த்தால் கூட்டம் கலையும். அந்த இடத்தில் இப்போது என்ன வழக்கம், தகராறு வந்தால் யார் பேசித் தீர்ப்பது என்று மட்டும் எழுதுங்கள். பிறகு பக்கத்து ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டி, அவர்கள் கையெழுத்தையும் வாங்குங்கள். ஒரு ஊர் கேட்டால் கோரிக்கை என்று கோப்பில் போடுவார்கள். நான்கு ஊர் ஒப்புக்கொண்ட வரைபடத்தை அப்படி ஒதுக்க முடியாது.

மீன்பிடிக்கும் பகுதிகளையும் மீன் இனப்பெருக்கம் செய்யும் பகுதிகளையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே இருக்கிறது. மனு எழுதும்போது அதைச் சொல்லுங்கள். மாவட்ட ஆட்சியருக்கும் மீன்வளத்துறைக்கும் ஒவ்வொரு நகல் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாவிட்டால் கொடுக்காத கணக்குதான். பொதுக்கருத்துக் கேட்பு அறிவித்தால் கையில் இருப்பது 30 நாள். அதற்குள் வரைபடத்தை ஆரம்பிப்பது நடக்காத காரியம்.

கிராம சபைத் தீர்மானத்தோடு வரைபடத்தை இணைப்பது என்றால் மே 1 தான் தோதான நாள். தடைக்காலம் என்பதால் விசைப்படகு ஆட்களும் கரையில் இருப்பார்கள். ஏப்ரல் 15-இல் படகைக் கரையில் கட்டிப்போட்டதுமே பிளெக்ஸை விரித்துவிட்டால் இரண்டு வாரத்தில் வரைந்து, திருத்தி, கையெழுத்தும் வாங்கிவிடலாம்.