சிதைவு வினைச் சமன்பாட்டைச் சமன்செய்யும் முறை

ஒரு சேர்மம் உடைந்து வேறு பொருள்களாக மாறுவதே சிதைவு வினை. அதன் சமன்பாட்டில் இடப்பக்கம் ஒரே ஒரு சேர்மம்தான் நிற்கும்; வலப்பக்கத்தில் தோன்றும் ஒவ்வோர் அணுவும் அதிலிருந்தே வந்தாக வேண்டும். ஆகவே, அந்தச் சேர்மத்தின் ஓர் அலகில் எந்தத் தனிமத்தின் அணுக்கள் எத்தனை உள்ளன என்பதை முதலில் எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

லெட் நைட்ரேட்டை எடுத்துக்கொள்வோம். இதன் வெண்ணிறப் படிகங்களைச் சோதனைக் குழாயில் சூடாக்கினால் அவை படபடவெனப் பொரிந்து, செம்பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடு கிளம்பும். நச்சு வாயு என்பதால் புகைபோக்கி உள்ள இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். கூடவே ஆக்சிஜனும் வெளியேற, குழாயில் லெட் மோனாக்சைடு தங்கும். ஓர் அலகு லெட் நைட்ரேட்டில் லெட் 1, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 6.

லெட் ஒன்று என்பதால் லெட் மோனாக்சைடு 1. நைட்ரஜன் இரண்டு என்பதால் நைட்ரஜன் டைஆக்சைடு 2. இவை எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அணுக்கள் 1 + 4 = 5. மீதி ஓர் அணு. ஆக்சிஜன் வாயுவின் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் இருப்பதால், அந்த மீதி அரை மூலக்கூறுக்குச் சமம். பின்னம் நீங்க, எல்லாக் கெழுக்களையும் (பொருள்களின் முன் இடும் எண்களை) 2ஆல் பெருக்க வேண்டும்.

2 லெட் நைட்ரேட் → 2 லெட் மோனாக்சைடு + 4 நைட்ரஜன் டைஆக்சைடு + ஆக்சிஜன்

ஆக்சிஜன் அணுக்கள் இடப்பக்கம் 12, வலப்பக்கம் 2 + 8 + 2 = 12.

தனித் தனிமமாக வெளிவரும் ஆக்சிஜனைக் கடைசிக்கு ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு: அதன் கெழுவை எப்படி மாற்றினாலும் வேறு எந்தத் தனிமத்தின் கணக்கும் குலையாது. நைட்ரேட்டை ஒரே தொகுதியாக எண்ணும் பழக்கம் இரு சேர்மங்கள் தம் பகுதிகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும் இரட்டை இடப்பெயர்ச்சி வினைகளுக்குப் பொருந்தும். இங்கே அந்தத் தொகுதியே உடைந்துபோவதால், அணு அணுவாகத்தான் எண்ண வேண்டும். வாய்பாட்டில் அணுக்களின் எண்ணிக்கையைக் காட்டும் கீழ்க்குறி எண்ணை மாற்றிக் கணக்கை நேராக்குவதோ பெரும்பிழை. அது பொருளையே வேறொன்றாக்கிவிடும்.

நீரற்ற பெர்ரஸ் சல்பேட் சிதையும்போது தனித் தனிமம் எதுவும் வராது. பெர்ரிக் ஆக்சைடும், சல்பர் டைஆக்சைடும், சல்பர் டிரைஆக்சைடும் உண்டாகும். பெர்ரிக் ஆக்சைடில் இரும்பு அணுக்கள் இரண்டு இருப்பதால், இடப்பக்கம் 2 என்று இட்டவுடன் சல்பரும் இரண்டாகி, இரு வாயுக்களுக்கும் ஒவ்வொன்றாகப் பிரிந்துவிடும். ஆக்சிஜன் 8 = 3 + 2 + 3. கால்சியம் கார்பனேட் கால்சியம் ஆக்சைடாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் சிதையும் சமன்பாடோ எழுதும்போதே சமனாக இருக்கிறது. அதில் எந்த எண்ணையும் சேர்க்க வேண்டியதில்லை.