நூலகத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு: குமரி மாவட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். முதல் தவறு இந்தப் பெருமையிலிருந்துதான் தொடங்குகிறது. ‘நம்ம ஊர்ல எழுதப் படிக்கத் தெரியாதவங்க யாரு இருக்கா?’ என்று கேட்டுவிட்டு வேலையைக் கைவிடுகிறார்கள். இல்லையென்றால் நூலக வாசலில் அறிவிப்பு ஒட்டிவிட்டு, யாரும் வரவில்லை என்கிறார்கள்.

அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். ஏழு வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் என்றால் மாவட்டம் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல். அண்டியாபீசில் (முந்திரி ஆலையில்) கொட்டை உடைப்பவர்கள், மீன் விற்கும் பெண்கள், ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள், செங்கல் சூளைத் தொழிலாளர்கள், பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் உள்ள முதியவர்கள் என்று இவர்கள் எங்கும் இருக்கிறார்கள். சுற்றியுள்ள எல்லாரும் படித்திருக்கும் ஊரில் படிக்கத் தெரியாதது பெரிய வெட்கம். அதனால் மறைத்துத்தான் வாழ்வார்கள். “கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன், நீயே வாசிச்சுச் சொல்லு மக்கா” என்பது அந்த மறைப்பின் வழக்கமான பேச்சு. வகுப்பு நடத்துவோர் சறுக்கும் இடங்களில் பாதிக்கு மேல் இந்த வெட்கத்தை மறந்ததால் வருபவை.

ஆள் சேர்க்கும்போது

வாசிக்கத் தெரியாதவரைச் சுவரொட்டி வைத்து அழைக்க முடியாது. வாய்ச்சொல்தான் போய்ச் சேரும். அதுவும் அவர் நம்பும் ஒருவர் சொல்ல வேண்டும். கடற்கரை ஊர்களில் அன்பியக் கூட்டம் (கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுவது), உள்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு, கிறிஸ்தவ சபையின் பெண்கள் கூட்டம், நூறு நாள் வேலை நடக்கும் இடம் ஆகியவை சரியான இடங்கள். கூட்டத்தில் பொதுவாகச் சொல்லிவிட்டு விடுங்கள். ‘உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?’ என்று எல்லார் முன்னாலும், குறிப்பாக மருமகள், பேரப்பிள்ளைகள் முன்னால் கேட்கவே கூடாது. விருப்பமுள்ளவர் பிறகு தனியாக வந்து சொல்வார்.

திறப்பு விழா, குத்துவிளக்கு, பத்திரிகைக்குப் படம் என்று தொடங்கும் வகுப்புக்கு இரண்டாம் வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். ‘முதியோர் கல்வி’ என்று பேனர் கட்டிய அறைக்குள் நுழைவதே தன் குறையை ஊருக்குச் சொல்வதாகிவிடுகிறது. ‘பஸ் போர்டு, பேங்க் செலான், போன் பழகும் வகுப்பு’ என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. ஆவணத்துக்குப் படம் தேவைப்பட்டால் கேட்டு, பின்புறமிருந்து எடுங்கள்.

சிறுவர் பகுதியின் குட்டி நாற்காலிகளில் உட்கார வைக்காதீர்கள். தரையிலும் வேண்டாம், மூட்டுவலி உள்ளவர் ஒரு மணி நேரம் தரையில் தாக்குப்பிடிக்க மாட்டார். இருபது வயதுக் கல்லூரிப் பிள்ளை கற்பிக்க வந்தாலும் அக்கா, அண்ணன், பாட்டி, பாட்டா என்று முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ‘நூலகம் படிச்சவங்களுக்குள்ள இடம்’ என்று தயங்குபவரிடம் ஒன்றைச் சொல்லலாம்: வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் கட்டும் நூலக வரியில்தான் அந்த இடம் ஓடுகிறது. அது அவர் பணமும்தான்.

நேரம்

நூலகருக்கும் தன்னார்வலருக்கும் வசதியான நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, கற்பவரை அதற்குள் திணிப்பது எங்கும் நடக்கிறது. வரிசையை மாற்றுங்கள். பால்வெட்டுத் தொழிலாளி விடியுமுன் தோட்டத்துக்குப் போய், பால் எடுத்து, ஷீட் அடித்து முடிக்க மதியமாகிவிடும். அவருக்குப் பிற்பகல்தான் சரி. அண்டியாபீஸ் போகும் பெண்ணுக்கு மாலை சமையலுக்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது.

ஆழ்கடலுக்குப் போகும் தூத்தூர்ப் பகுதி ஆண்கள் வாரக்கணக்கில் கரையில் இருப்பதில்லை. அவர்களுக்கு ‘வாரம் மூன்று நாள் வகுப்பு’ என்பது பொருளற்றது. விசைப்படகுத் தடைக்காலம்தான் வாய்ப்பு. இந்த மாவட்டத்தில் அது இரண்டு: கிழக்குக் கடற்கரையைச் சேர்ந்த சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காப்பட்டணம் உள்ளிட்ட மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். ஞாயிறு தவிர்த்து நாளுக்கு 2 மணி நேரம் நடத்தினால் 100 மணி நேரம் கிடைத்துவிடும். சின்னமுட்டத்துத் தேதியைப் பார்த்துக் குளச்சலில் வகுப்பு வைத்தால் ஆளே இருக்காது.

நூலகத்தின் நேரமும் முக்கியம். கிளை நூலகங்கள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒரே ஆள் வேலை பார்க்கும் நூலகத்தில் ‘இன்னும் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள்’ என்று நட்பாகக் கேட்டு நடத்துவது இரண்டு மாதத்தில் முறிந்துபோகும். மாவட்ட நூலக அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, சாவி யாரிடம், விளக்கை யார் அணைப்பது என்பதுவரை முடிவு செய்துகொள்ளுங்கள். பெண்கள் வருகிறார்கள் என்றால் கழிப்பறை இருக்கிறதா, வகுப்பு முடிந்தபின் ஊருக்குப் பஸ் இருக்கிறதா என்பவை பாடப்புத்தகத்தைவிட முக்கியமான கேள்விகள்.

கண்ணைப் பார்க்காமல் பாடம் தொடங்குவது

‘மண்டையில ஏறல’ என்று சொல்லி நின்றுவிடுபவர்களில் பலருக்கு மண்டையில் குறை எதுவும் இல்லை. 40 வயதைத் தாண்டினால் அருகில் உள்ளவை மங்கலாகத் தெரிவது இயல்பு. படித்தவர் செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்கும்போதே கண்டுகொண்டு கண்ணாடி போட்டுவிடுவார். வாசிக்கும் வழக்கமே இல்லாதவருக்கு அந்தக் குறை தெரிய வழியில்லை. மெய்யெழுத்தின் புள்ளி, ‘எ’ ‘ஏ’ இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்தச் சின்னக் கோடு, ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் உள்ள ஒரு சுழி வேறுபாடு எல்லாம் மங்கலில் கரைந்துவிடும். பிறகு எத்தனை முறை சொல்லிக்கொடுத்தும் பயனில்லை.

முதல் வாரமே கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். நாகர்கோவில் பக்கம் உள்ளவர்களுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புரை இருந்தால் அதுவும் அங்கே தெரிந்துவிடும். தொடக்கப் பாடங்களின் எழுத்தளவு 24 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. வெளிச்சம் இடத் தோள்பக்கமிருந்து வரட்டும், இடக்கைக்காரருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அ, ஆ, இ, ஈ என்று தொடங்குவது

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்வது இதுதான். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்தையும் அட்டவணை வரிசையில் ஏற்றத் தொடங்கினால், முதல் சொல்லை வாசிக்கவே மாதங்கள் ஆகும். ‘அ’, ‘இ’, ‘ஈ’ எழுதக் கடினமானவை. போதாததற்கு, உயிரெழுத்து பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில் மட்டுமே வரும். குழந்தைக்கு எழுத்தும் புதிது, பல சொற்களும் புதிது. பெரியவருக்கு மொழி முழுவதும் தெரியும், எழுத்து மட்டுமே புதிது. அந்தப் பலத்தை வீணாக்காதீர்கள்.

ட, ப, ம, ர, க, ல என்ற ஆறெழுத்தும் புள்ளியும் போதும். மரம், கடல், பகல், கல், பல், பட்டம், மடல் எல்லாம் வந்துவிடும். ‘கு’, ‘கி’ போன்ற குறிகளுக்கு நகர்ந்தால் படகு, கடுகு, படி. கால் சேர்த்தால் பால், பாட்டி, பாட்டா. முதல் வகுப்பிலேயே நாலைந்து சொல் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் மறுபடி வருவார்.

சில இடங்களில் கவனம் தேவை. ‘ர’வையும் ‘ா’ என்ற காலையும் ஒரே வாரத்தில் கொடுத்தால் இரண்டும் குழம்பும். நடுவில் இரண்டு வாரமாவது விடுங்கள். கெ, கே, கை, கொ, கோ ஆகியவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. அதனால் இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகியவர் தடுமாறுவார். மெய்யை ஒரு அட்டையிலும் குறியை வேறு அட்டையிலும் எழுதி, கையால் நகர்த்திச் சேர்க்க விடுங்கள். இதற்கு மட்டும் தனியாக மூன்று வாரம் ஒதுக்கலாம். சொல் முழுதையும் எழுதிவிட்டுக் கடைசியில் மொத்தமாகப் புள்ளி வைக்கும் பழக்கம் வந்தால் புள்ளி விட்டுப்போய்க்கொண்டே இருக்கும். எழுத்தோடு எழுத்தாக வைக்கச் சொல்லுங்கள். ல, ள, ழ வேறுபாட்டுக்காக எழுதியதைத் தொடக்கத்தில் அடிக்காதீர்கள். சிவப்பு மையும் வேண்டாம்.

ஜ, ஸ, ஷ ஆகியவற்றைக் கடைசிக்குத் தள்ளும் வழக்கமும் இங்கே பொருந்தாது. ஜோசப், ஸ்டெல்லா, ஜெயா என்று பெயருள்ளவர் தன் பெயரை எழுத எட்டு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் வேறொன்றும் கேட்டாக வேண்டும். இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) இணைந்த 1956 நவம்பர் 1க்கு முன் திருவிதாங்கூர்ப் பள்ளியில் படித்த முதியவர் சிலருக்கு மலையாளம் வாசிக்க வரும். அவரை எழுத்தறியாதவர் என்று எழுதிக்கொள்வது அவமதிப்பு. குறியை முன்னால் எழுதிப் பின்னால் ஒலிக்கும் முறை மலையாளத்திலும் உண்டு. ஆகவே அவருக்கு வடிவங்களை மட்டும் அறிமுகப்படுத்தினால் போதும், மிக வேகமாக வந்துவிடுவார். இதேபோல 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் இரண்டு மூன்று வகுப்பு படித்து நின்றவர்கள் பழைய லை, ணை, றா வடிவங்களை எழுதலாம். ‘தப்பு’ என்று சொல்லாதீர்கள். பழைய பத்திரங்களிலும் வேதாகமங்களிலும் கல்லறைகளிலும் அந்த வடிவம்தான் இருக்கிறது. புதியதைப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும்.

குழந்தைப் பாடப்புத்தகத்தைக் கையில் கொடுக்காதீர்கள். ஊர்ப் பஸ் பலகைகளே நல்ல பாடம்: கருங்கல், குளச்சல் முதலில், குறிகள் பழகியபின் தக்கலை, திங்கள்சந்தை, மார்த்தாண்டம். இன்னொரு வழி, கற்பவர் தன் பேச்சில் மூன்று வாக்கியம் சொல்ல, நீங்கள் சொன்னபடியே எழுதி, அவரையே வாசிக்க வைப்பது. அவர் ‘வெள்ளம் கோரிட்டு வந்தேன்’ என்றால் அப்படியே எழுதுங்கள். ‘தண்ணீர்’ என்று திருத்தி எழுதினால் அது அவர் வாக்கியம் இல்லை. எழுத்துநடை இரண்டாம் கட்டத்தில் வரட்டும்.

கையெழுத்தோடு நிறுத்துவது

பத்து நாளில் பெயரைப் படமாக வரையப் பழக்கி, ‘கைநாட்டு ஒழிந்தது’ என்று கணக்குக் காட்டுவது ஆபத்து. கைநாட்டு வைப்பவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்ற எண்ணமாவது எதிரில் இருப்பவருக்கு வரும். கையெழுத்துப் போடுபவரிடம் கடன் தாளை நீட்டினால், அவர் வாசித்துவிட்டார் என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

கணக்கில் தவறு நேர் எதிர். மீன் விற்கும் அக்காவுக்கு ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். மனக்கணக்கில் அவர் உங்களைவிட வேகம். அவருக்குத் தேவை எழுதப்பட்ட எண்: எலெக்ட்ரானிக் தராசில் 0.750 என்றால் முக்கால் கிலோ, செலானில் 1,500ஐ எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவது, மாத்திரை அட்டையில் காலாவதி மாதமும் ஆண்டும். அந்தத் தேதிக்கு முன்னால் வரும் EXP என்ற மூன்று ஆங்கில எழுத்தை மட்டும் படமாகப் பழக்குங்கள்.

போன், வங்கி என்று வரும்போது தன்னார்வலர் எல்லை தாண்டாமல் இருக்க வேண்டும். அவர்களுக்காக ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள், ரகசிய எண்ணைக் கேட்காதீர்கள், ஆதார் நகலை வைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும், பிறகு ஏதாவது பணம் காணாமல் போனால் சந்தேகம் வகுப்பின் மேல்தான் விழும். செலானை நீங்கள் நிரப்பிக் கொடுப்பதும் உதவி இல்லை. வெற்றுச் செலான் பத்து வாங்கி வந்து பழக்குங்கள். ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது, ஏமாந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும் என்பது ஒரு முழுப் பாடமாக இருக்கட்டும்.

நன்கொடையும் தேர்வும்

வீட்டில் மிஞ்சிய பழைய பாடநூல் கட்டுகளை நூலகத்தில் இறக்குவது உதவி ஆகாது. வேண்டியவை: இரட்டைக்கோடு நோட்டு, தடித்த 2பி பென்சில், வாசிப்புக் கண்ணாடி, நல்ல விளக்கு. அண்டிக் கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் வெந்தவர்களுக்கு மெல்லிய பால்பாயிண்ட் பேனாவை இறுக்கிப் பிடித்து எழுதுவது வலி.

தனியாக வகுப்பு நடத்தி அரசுத் திட்டத்தோடு சேராமல் விட்டால் கற்பவருக்குச் சான்றிதழ் கிடைக்காது. 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 200 மணி நேரக் கற்பித்தலும் அதன்பின் 150 மதிப்பெண் தேர்வும் உண்டு. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றுக்கும் 50. அருகிலுள்ள அரசுத் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியரிடமோ வட்டார வள மையத்திலோ பேசி முதல் மாதமே பெயரைப் பதியுங்கள். ஒன்றரை மணி நேர வகுப்பு வாரம் மூன்று என்றால் 200 மணி நேரத்துக்கு 45 வாரம் ஆகும். ‘மூன்று மாதத்தில் படித்துவிடலாம்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மூன்று மாதத்தில் வராதபோது அவர் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வார்.

தேர்வு முடிந்ததும் வகுப்பை மூடுவதும் தவறு. புதிதாக வந்த எழுத்து, வாசிக்காவிட்டால் மறந்துபோகும். செய்தித்தாள் தலைப்புகள், பிறகு பத்து வரிச் செய்தி என்று இன்னும் ஆறு மாதம் வாரம் ஒருநாள் தொடருங்கள். நூலகத்தின் வேலை உண்மையில் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

தன்னார்வலர் பாதியில் காணாமல் போவதற்கும் முன்கூட்டியே வழி வேண்டும். கல்லூரி மாணவர் செமஸ்டர் தேர்வு வந்தால் வரமாட்டார். அது தெரிந்த விஷயம். நாலு பேருக்கு மேல் இல்லாத ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு பேரைப் போடுங்கள். ஒவ்வொரு கற்பவருக்கும் ஒரு தாள் வைத்து, தெரிந்த எழுத்துகள், தடுமாறும் இடம், கடைசியாக வாசித்தது, கண்ணாடி எண் ஆகியவற்றை வகுப்பு முடிந்த கையோடு எழுதி நூலகத்திலேயே வைத்துவிடுங்கள். மறுநாள் வருபவர் ‘எதுவரைக்கும் படிச்சீங்க?’ என்று கற்பவரிடம் கேட்க வேண்டிய நிலை வரக் கூடாது.