கோப்பா லிபர்டடோரஸ் நாக் அவுட் சுற்றுகள்: புதிதாகப் பார்ப்பவர்களுக்குப் படிப்படியாக

தென் அமெரிக்க கிளப் கால்பந்தின் மிகப் பெரிய கோப்பை கோப்பா லிபர்டடோரஸ். 1960-ல் தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டும் உருகுவேயின் பெனரோல்தான் சாம்பியன். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் பார்த்துப் பழகிய நம்மவர்கள் பலர் இதை ஆகஸ்ட் மாதம், நாக் அவுட் தொடங்கும்போதுதான் முதன்முதலாக எட்டிப் பார்க்கிறார்கள். ஆட்டம் பிடித்துவிடுகிறது. ஆனால் யார் யாரோடு மோதுகிறார்கள், இரண்டாவது ஆட்டம் ஏன் அந்த ஊரில் நடக்கிறது, ஜெயித்த அணி ஏன் தலை குனிந்து வெளியேறுகிறது என்பதெல்லாம் பிடிபடுவதில்லை. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், வரிசையாகப் போகலாம்.

படி 1: பதினாறு பெயர்களையும் எண்ணோடு எழுதுங்கள்

குரூப் சுற்றில் 32 அணிகள். நான்கு நான்காக 8 பிரிவுகள். ஏப்ரல், மே மாதங்களில் ஒவ்வோர் அணியும் ஆறு ஆட்டங்கள் ஆடும். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நாக் அவுட்டுக்கு வருவார்கள். மூன்றாம் இடம் பிடித்த அணி கோப்பா சுதமெரிகானா என்ற இரண்டாம் நிலைக் கோப்பைக்குப் போய்விடும். கடைசி இடத்துக்கு எதுவும் இல்லை.

தாளின் இடப்பக்கம் பிரிவில் முதலிடம் பெற்ற எட்டு அணிகள், வலப்பக்கம் இரண்டாமிடம் பெற்ற எட்டு அணிகள். பெயருக்குப் பக்கத்தில் தரவரிசை எண்ணையும் எழுத வேண்டும். முதலிடக்காரர்களுக்குள் புள்ளி அதிகம் எடுத்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, இப்படி 8 வரை. புள்ளி சமமானால் கோல் வித்தியாசம் பார்க்கப்படும். இரண்டாமிடக்காரர்களுக்கு இதே முறையில் 9 முதல் 16 வரை. இரண்டாமிடம் பெற்ற அணி, வேறொரு பிரிவின் முதலிடக்காரரைவிட அதிகப் புள்ளி எடுத்திருந்தாலும் 9-க்கு மேலே ஏற முடியாது.

பலர் இந்த எண்ணைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அரையிறுதி முடியும் வரை இதற்கு வேலை இருக்கிறது.

படி 2: குலுக்கல் முடிந்ததும் முழுப் பாதையையும் வரையுங்கள்

தென் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான கான்மெபோலின் தலைமையகம் பராகுவேயில், தலைநகர் அசுன்சியோனை ஒட்டியுள்ள லூக்கே நகரில் இருக்கிறது. குலுக்கல் அங்கேதான் நடக்கும். ஒரு பானையில் முதலிடக்காரர்கள், இன்னொன்றில் இரண்டாமிடக்காரர்கள். ஒரே நாட்டு அணிகள் மோதக் கூடாது என்ற தடை கிடையாது. 2024-ல் முதல் நாக் அவுட் சுற்றிலேயே பிரேசிலின் பொட்டாஃபோகோவும் பால்மெய்ராஸும் ஒன்றுக்கொன்று எதிராக நின்றன. ஒரு பெரிய அணி ஆகஸ்டிலேயே ஊர் திரும்ப வேண்டிய நிலை!

குலுக்கல் இந்த ஒருமுறைதான். காலிறுதிக்கு வேறு குலுக்கல் வராது. அதனால் அன்றைக்கே இறுதிப் போட்டி வரைக்கும் கிளை வரைந்துவிடலாம். உங்களுக்குப் பிடித்த அணி அரையிறுதியில் யார் யாரைச் சந்திக்க வாய்ப்பிருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

படி 3: இரண்டாவது லெக் யார் மைதானத்தில் என்று குறியுங்கள்

இறுதிப் போட்டி தவிர மற்ற எல்லாச் சுற்றும் இரண்டு லெக். ஆளுக்கொரு மைதானம். படி 1-ல் எழுதிய எண் இங்கே உதவும். இரண்டு அணிகளில் எந்த எண் சிறியதோ, அந்த அணியின் மைதானத்தில் இரண்டாவது லெக். 3-ம் எண் அணியும் 12-ம் எண் அணியும் மோதினால், முதல் ஆட்டம் 12-ன் ஊரில், இரண்டாவது 3-ன் ஊரில். 1-ம் எண் பெற்ற அணிக்கு அரையிறுதி வரை எல்லா இரண்டாவது லெக்கும் சொந்த மண்ணில்தான்.

இது ஏன் பெரிய விஷயம்? தென் அமெரிக்காவில் மைதானத்துக்கு மைதானம் ஆட்டமே மாறுகிறது. ஈக்வடாரின் கீட்டோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,800 மீட்டர் உயரம். பொலிவியாவின் லா பாஸ் 3,600 மீட்டர். காற்று அடர்த்தி குறைவு என்பதால் தூரத்திலிருந்து அடிக்கும் பந்து வேகம் குறையாமல் வரும், கோல்கீப்பரின் கணக்குத் தப்பும். சமவெளியிலிருந்து வரும் வீரர்களுக்கு இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும். மலை நகர அணியின் எண் பெரியதாக இருந்தால் முதல் லெக்கே அங்கேதான். மலையில் எடுத்த முன்னிலையைக் கீழே போய்க் காப்பாற்ற வேண்டிய நெருக்கடி அதற்கு.

படி 4: 180 நிமிடத்தையும் ஒரே ஆட்டமாக எண்ணுங்கள்

உண்மையில் மனதைப் பழக்க வேண்டிய இடம் இதுதான். ஒவ்வொரு லெக்கிலும் யார் ஜெயித்தார்கள் என்பது கணக்கில் இல்லை. இரண்டு ஆட்டத்திலும் அடித்த கோல்களைக் கூட்டினால் யாருக்கு அதிகம் என்பது மட்டும்தான். 2024 அரையிறுதியில் பெனரோல், ரியோவில் இரண்டாம் பாதியில் மட்டும் ஐந்து கோல் வாங்கி 0-5 என்று பொட்டாஃபோகோவிடம் தோற்றது. அடுத்த வாரம் மாண்டிவீடியோவில் 3-1 என்று ஜெயித்தது. கூட்டினால் 3-6. ஜெயித்த இரவில்தான் பெனரோல் வெளியேறியது.

தாளில் எப்படி எழுதுவது என்பதற்கு 2025 அரையிறுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பால்மெய்ராஸ் குரூப் சுற்றில் ஆறு ஆட்டத்தையும் வென்று 18 புள்ளிகளோடு 1-ம் எண்ணைப் பெற்ற அணி. எதிரணி கீட்டோவின் எல்டியு. எண்படி முதல் லெக் கீட்டோவில், இரண்டாவது சாவோ பாலோவில்.

முதல் லெக்: எல்டியு 3, பால்மெய்ராஸ் 0. மலையில் மூன்று கோல் முன்னிலை. முடிந்தது கதை என்றுதான் யாருக்கும் தோன்றும். தாளில் 3-0 என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டு இடம் விடுங்கள்.

இரண்டாவது லெக் தொடங்கும்போது திரையில் 0-0 என்று காட்டுவார்கள். அதை நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் அது 3-0. இருபதாவது நிமிடத்தில் ரமோன் சோசா ஒரு கோல் அடிக்கிறார்: 3-1. இடைவேளைக்குச் சற்று முன் புருனோ ஃபுக்ஸ் இன்னொன்று: 3-2. இரண்டாம் பாதியில் ரஃபேல் வெய்கா அடித்ததும் 3-3. இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு ஆட்டக்காரர்களைப் பாருங்கள். மைதானத்தில் 3-0 என்று முன்னிலையில் இருக்கும் பால்மெய்ராஸ் இன்னும் எதையும் ஜெயிக்கவில்லை. 0-3 என்று பின்தங்கியிருக்கும் எல்டியு இன்னும் எதையும் இழக்கவில்லை. இரு பக்கமும் அடுத்த ஒரு கோல்தான் எல்லாம். கடைசிப் பத்து நிமிடத்துக்குள் நுழையும் நேரத்தில் பெனால்டி. வெய்காவே அடித்தார். 3-4.

இப்படிக் கூட்டிக்கொண்டே பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், ஒரு பயிற்சியாளர் ஏன் ஸ்ட்ரைக்கரை எடுத்துவிட்டு தடுப்பாட்டக்காரரை இறக்குகிறார் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

படி 5: சமமானால் நேராகப் பெனால்டி

காலிறுதியானாலும் அரையிறுதியானாலும் 180 நிமிட முடிவில் கூட்டுக் கணக்கு சமமாக இருந்தால் எக்ஸ்ட்ரா டைம் கிடையாது. உடனே பெனால்டி ஷூட் அவுட். ஆளுக்கு ஐந்து அடி, அதற்கும் சமமானால் ஒன்றுக்கு ஒன்று. சாம்பியன்ஸ் லீக் ரசிகர்கள் முப்பது நிமிடம் கூடுதலாக வரும் என்று காத்திருந்து ஏமாறுவது இங்கேதான்.

வெளி மைதானத்தில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற விதி 2005 முதல் இருந்தது. 2022 தொடரிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பழைய ஆட்டங்களின் வீடியோ பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2021 அரையிறுதியில் பால்மெய்ராஸும் அட்லெட்டிகோ மினெய்ரோவும் முதலில் 0-0, அப்புறம் 1-1. இரண்டாவது லெக்கில் வெளியூரில் அடித்த ஒரு கோலை வைத்து பால்மெய்ராஸ் இறுதிக்குப் போய், கோப்பையையும் வென்றது. 2023 அரையிறுதியில் அதே பால்மெய்ராஸ் போகா ஜூனியர்ஸுடன் ஆடியது. அச்சு அசலாக அதே முடிவுகள்: 0-0, 1-1. இம்முறை பெனால்டி, பால்மெய்ராஸ் தோல்வி.

அந்த ஆண்டின் போகாவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். இந்த விதி என்ன செய்யும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. முதல் சுற்றில் உருகுவேயின் நாசியோனலோடு 0-0, 2-2, பெனால்டியில் வெற்றி. காலிறுதியில் சக அர்ஜென்டினா அணியான ரேசிங்கோடு 0-0, 0-0, பெனால்டியில் வெற்றி. அரையிறுதியில் பால்மெய்ராஸ். ஆறு ஆட்டம், ஆறும் டிரா, நேராக இறுதிப் போட்டி! கோல்கீப்பர் செர்ஜியோ ரொமேரோ மூன்று ஷூட் அவுட்டிலும் தலா இரண்டு அடிகளைத் தடுத்தார். 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் நெதர்லாந்தின் பெனால்டிகளைத் தடுத்த அதே ரொமேரோ. அப்படி ஒருவர் வலையில் நிற்கும் அணி எழுபதாவது நிமிடத்துக்கு மேல் ஏன் அவசரப்படப் போகிறது? எதிரணிக்கும் அது தெரியும். அதனால் அவர்கள் ஆட்களை முன்னால் ஏற்றுவார்கள், பின்னால் இடைவெளி விழும்.

இரண்டாவது லெக் சமநிலையில் ஓடிக்கொண்டிருந்தால் எழுபது நிமிடத்துக்குப் பிறகு இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். எந்த அணி ஒவ்வொரு த்ரோவுக்கும் நேரம் எடுக்கிறது? கடைசி ஐந்து நிமிடத்தில் யாரை உள்ளே அனுப்புகிறார்கள்? பெனால்டிக்கென்றே ஒருவரை இறக்குவது இங்கே வழக்கம்.

படி 6: ஆகஸ்டில் வீரர் பட்டியலை மறுபடி பாருங்கள்

குரூப் சுற்றுக்கும் முதல் நாக் அவுட்டுக்கும் நடுவே இரண்டு மாதத்துக்கு மேல் இடைவெளி. அதே நேரத்தில் ஐரோப்பாவில் வீரர்களை வாங்கும் சந்தை திறந்திருக்கும். மே மாதம் பார்த்த அணி ஆகஸ்டில் அப்படியே இருக்காது. 2025-ல் இளம் நட்சத்திரம் எஸ்தெவாவ் இந்த இடைவெளியில்தான் பால்மெய்ராஸிலிருந்து செல்சிக்குப் போனார். மாறாக, பொட்டாஃபோகோ 2024-ன் நடுவில் தியாகோ அல்மாடாவைக் கொண்டுவந்தது. ஆண்டு முடிவில் கோப்பை அவர்கள் கையில்.

படி 7: இறுதிப் போட்டிக்கு விதிகளை மாற்றிக்கொள்ளுங்கள்

2018 வரை இறுதியும் இரண்டு லெக்தான். அந்த ஆண்டு போகாவும் ரிவர் பிளேட்டும் மோதின. முதல் லெக் 2-2. இரண்டாவது லெக்குக்கு வந்த போகாவின் பேருந்து தாக்கப்பட்டதால் ஆட்டம் தள்ளிப்போய், கடைசியில் மாட்ரிட்டில் நடந்தது. எக்ஸ்ட்ரா டைமில் ரிவர் 3-1 என்று வென்றது. ஒரே ஆட்டம் என்ற முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. 2019-லிருந்து, முன்கூட்டியே அறிவித்த ஒரு மைதானத்தில் ஒரே இறுதி ஆட்டம்.

இங்கே 90 நிமிடம் சமமானால் எக்ஸ்ட்ரா டைம் உண்டு, அப்புறம்தான் பெனால்டி. தரவரிசை எண்ணுக்கு இங்கே வேலை இல்லை. மைதானம் முன்பே முடிவாவதால் சிலசமயம் அது ஓர் அணியின் சொந்த இடமாகவே அமைந்துவிடும். 2023-ல் ரியோவின் மரக்கானாவில் ஃப்ளுமினென்ஸுக்கு அப்படித்தான் அமைந்தது. 1-1 என்று இழுத்த ஆட்டத்தில், எக்ஸ்ட்ரா டைமில் ஜான் கென்னடி என்ற இளைஞர் கோல் அடித்தார். ரசிகர்களோடு கொண்டாடப் போனதில் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார்! பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து 2-1 என்று ஃப்ளுமினென்ஸ் முதல்முறை சாம்பியன் ஆனது. போகாவின் டிரா பயணம் அங்கே நின்றது.

ஒரே ஆட்டம் என்பதால் திட்டம் நொடியில் கவிழும். 2024 இறுதியில் பொட்டாஃபோகோவின் கிரெகோரே முதல் நிமிடத்திலேயே சிவப்பு அட்டை வாங்கினார். கிட்டத்தட்ட முழு ஆட்டமும் பத்துப் பேர். அப்படியும் 3-1. இறுதிப் போட்டிகளில் நீங்கள் தேடிப் பார்க்க வேண்டிய முதல் ஆட்டமாக நான் இதையே சொல்வேன்.

படி 8: நேரம்

நாக் அவுட் ஆட்டங்கள் பெரும்பாலும் அங்கே செவ்வாய், புதன், வியாழன் இரவுகளில். பிரேசில், அர்ஜென்டினா நேரம் இரவு 7 மணி என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 3.30. இரவு 9.30 என்றால் காலை 6 மணி. அட்டவணையில் செவ்வாய் என்று இருந்தால் அலாரத்தைப் புதன்கிழமைக்கு வையுங்கள். அலுவலகம் போகிறவர்களுக்கு ஆறு மணி ஆட்டம்தான் வசதி. பெனால்டி வரை போனாலும் எட்டேகாலுக்குள் முடிந்துவிடும்.

முதல் ஆண்டிலேயே எட்டு ஜோடிகளையும் துரத்தாதீர்கள். மலை நகர அணி ஒன்று இருக்கும் ஜோடியைத் தேர்ந்தெடுத்து, இரண்டு லெக்கையும் முழுதாகப் பாருங்கள். மற்ற ஏழுக்கும் காலையில் ஸ்கோரைக் கேட்டுத் தாளில் எழுதினால் போதும்.